வம்பு வழக்கைத் தடுக்க ஏழையின் வாசலை அடைக்கலாமா?

(மும்பையில் நடந்த மாதக் கூட்டத்தில், சட்ட உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய நண்பர் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். வம்பு வழக்குகளை ஒழிக்க, வழக்குத் தொடரும் எவரும் முதலில் பெருந்தொகை ஒன்றைக் கோர்ட்டில் கட்ட வேண்டும் என்று சட்டம் வரவேண்டும் என்றார். பலத்த கைதட்டல் எழுந்தது. அதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஊரில் பங்காளி போட்ட வழக்குக்காக இரண்டு நாள் ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போய், வாய்தா என்ற ஒரே சொல்லைக் கேட்டுத் திரும்பியவர்கள் இந்த மன்றத்தில் எத்தனை பேர்! போக்குவரத்துச் செலவு ஒரு பக்கம், போன நாட்களின் கூலி ஒரு பக்கம். வழக்கில் வெல்வது அவன் நோக்கமல்ல. அலைக்கழித்துப் பணிய வைப்பதே நோக்கம். நோய் உண்மைதான். ஆனால் நண்பர் சொன்ன மருந்து நம்மையே கொன்றுவிடும்.

அந்த மருந்து புதியதும் அல்ல. 1795-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. ஆதாரமற்ற வழக்குகளைத் தடுக்கவே கோர்ட்டுக் கட்டணம் என்று அதன் முகவுரை கூறியது. 1835-இல் மெக்காலே அந்த முகவுரையை எள்ளி நகையாடினார். கட்டணம் பொய்யனை மட்டும் பார்த்து விரட்டுமா? நியாயம் உள்ளவனையும் சேர்த்தே விரட்டும். பணமுள்ள பொய்யன் கட்டிவிட்டு உள்ளே போவான். பணமில்லாத மெய்யன் வெளியே நிற்பான்.

வெளியே நிற்கப் போகிறவர் யார்? நம் ஊர்க்காரர் ஒருவரையே சொல்கிறேன். சேலத்து நிலமற்ற கூலித் தொழிலாளி. வறட்சியால் வேலையிழந்து 1961-இல் பம்பாய்க்கு வந்தார். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய். மேற்கு விரைவு நெடுஞ்சாலை நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் கூரைக்காகக் குடிசை தாதா அவரிடம் 2,500 ரூபாய் பறித்தான். 1981 ஜூலையில், அந்துலே முதலமைச்சராக இருந்தபோது, நடைபாதைக் குடிசைகளை அகற்ற உத்தரவு வந்தது. ஜூலை 23-ஆம் நாள் அவர் குடிசையை இடித்து, மனைவி மக்களோடு அவரைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றி அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தார். சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று நாடறிந்த வழக்கில் அவரும் ஒரு மனுதாரர்.

எதிர்த்தரப்பு என்ன சொன்னது தெரியுமா? நடைபாதையில் குடிசை போட உரிமை இல்லையென்று ஐகோர்ட்டில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள் இப்போது வழக்காட முடியாது என்றது. ஐந்து நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. அடிப்படை உரிமையை யாரும் விட்டுக்கொடுத்துவிட முடியாது என்று சொல்லி விசாரித்தார்கள். 1985 ஜூலை 10-இல் வந்த தீர்ப்பு, பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. நடைபாதை அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. மழைக்காலம் கழிய அக்டோபர் 31 வரைதான் அவகாசம் கிடைத்தது. ஆனாலும் அந்தக் கோட்பாடு இன்றும் நிற்கிறது. முதலில் பணத்தைக் கட்டு என்றிருந்தால், 23 ரூபாய்க் கூலிக்காரர் எதைக் கட்டியிருப்பார்?

அப்படியானால் வம்புக்காரனை விட்டுவிடுவதா? வேண்டாம். அதற்கு வழி நம் சென்னை மாகாணமே காட்டியது. 1949-இல் தொல்லை வழக்குத் தடுப்புச் சட்டம் அங்கே வந்தது. 1971-இல் மகாராஷ்டிரத்திலும் வந்தது. அதன் அமைப்பைக் கவனியுங்கள். அட்வகேட் ஜெனரல் ஐகோர்ட்டில் மனுச் செய்ய வேண்டும். தகுந்த காரணமின்றி வழக்குப் போடுவதையே வழக்கமாகக் கொண்டவர் என்று ருசுவாக வேண்டும். அவர் தரப்பையும் கேட்க வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாத ஏழையென்றால் ஐகோர்ட்டே வக்கீல் அமர்த்தலாம் என்கிறது சென்னைச் சட்டம். அதன் பிறகும் கதவு அடைபடுவதில்லை. அனுமதி பெற்று வழக்குப் போடலாம். 1965-இல் சுப்ரீம் கோர்ட் இந்தச் சட்டம் செல்லும் என்றது. இங்கே எடை போடப்படுவது ஒருவனுடைய நடத்தை. அவன் மடிசீலை அல்ல.

ஒரே ஒரு பொய் வழக்குப் போட்டுப் பத்து வருடம் இழுக்கும் பங்காளிக்கு இந்தச் சட்டம் போதாது. அதற்கும் சிவில் நடைமுறைச் சட்டத்தில் இடமுண்டு. 1977-இல் நீதிபதி கிருஷ்ணய்யர், பிராதுவைக் கருத்தோடு படித்து, வெறும் வம்பு என்று தெரிந்தால் முளையிலேயே கிள்ளும்படி கீழ்க் கோர்ட்டுகளுக்குச் சொன்னார். 1973-இல் ஏழைகளுக்கான சட்ட உதவிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஓட்டை எங்கே இருக்கிறது? தெரிந்தே பொய் வழக்குப் போட்டான் என்று தீர்ந்தாலும், வழக்கமான செலவுத் தொகை போக, எதிராளிக்கு இழப்பீடு 3,000 ரூபாய்க்கு மேல் இல்லை என்கிறது 35-ஏ பிரிவு. 1976-இல் வைத்த வரம்பு அது. பெரிய வணிக வழக்குகளில் மட்டும் 2015-இல் அதை நீக்கினார்கள். கூலிக்காரன் அலைந்த அலைச்சலுக்கு மட்டும் பழைய விலையா?

ஆகவே தீர்மானத்தைத் திருத்துகிறேன். முன்பணம் கட்டும் நிபந்தனை கூடாது. 3,000 ரூபாய் வரம்பு எல்லா வழக்கிலும் நீங்க வேண்டும். ஆனால் தோற்றவனுக்கெல்லாம் தண்டம் கூடாது, தெரிந்தே பொய் சொன்னவனுக்கு மட்டும், அவன் வசதிக்குத் தக்கபடி விதிக்க வேண்டும்.

கடைசியாக, 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தில் பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எதுவானாலும் இலவச வக்கீல் உண்டு. கேட்டுப் பெறுங்கள். நம் சங்கத் தேர்தல் தகராறுகளையும் கோர்ட்டுக்கு இழுக்காமல் இந்த மன்றத்திலேயே பேசித் தீர்ப்போம். திருத்திய தீர்மானத்தை நிறைவேற்றித் தருமாறு கேட்டு அமர்கிறேன்.