சுழற்றினால் போகாத கந்தகம்
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

நம் ஒரகடத்தில் புது டயர் தயாராகிறது. பழைய டயரை ஆக்சிஜன் இல்லாத கலனில் சூடாக்கினால் எண்ணெய் கிடைக்கும். அதில் கரித்தூளும் தண்ணீரும் கலந்திருக்கும். நம் வாஷிங் மெஷின் துணியைச் சுழற்றித் தண்ணீரைத் தள்ளுகிறதல்லவா? சென்ட்ரிஃப்யூஜும் அப்படித்தான், அதிவேகமாகச் சுழற்றி, கனமான அழுக்கை ஓரத்தில் ஒதுக்கிவிடும். எண்ணெய் பளிச்சென்று தெரியும்.

ஆனால் எண்ணெயோடு வேதியியல் முறையில் சேர்ந்திருக்கும் கந்தகம் சுழற்றினால் போகாது. கணக்குப் பாருங்கள்: 2020 ஏப்ரல் முதல் பங்க் டீசலில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் கந்தகம்தான் அனுமதி. டயர் எண்ணெயில் ஏறக்குறைய 10 கிராம். ஆயிரம் மடங்கு!

"சுத்தம் செய்தது, மலிவு" என்று யாராவது நம் ஜெனரேட்டருக்கு விற்க வந்தால், கந்தகப் பரிசோதனைச் சான்று கேளுங்கள். மிச்சமாகும் பணத்தைவிட நம் பிள்ளைகளின் மூச்சு பெரிது.