தோட்டத்து அறிவிப்பும் அதை எழுதுபவரும்

காவல் நிலையத்திலும் தோட்டத்து அலுவலகத்திலும் கணக்கும் கடிதமும் எழுதுபவரை ‘ரைட்டர்’ என்றழைப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் இளநிலை ஊழியருக்கு இட்ட பெயர் அது. கல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடம் அவர்களால் பெயர் பெற்றது. நல்ல கையெழுத்து இருந்தால் அன்று பாதி வேலை முடிந்தது. இன்று நிறுவன எழுத்துக்குக் கையெழுத்து வேண்டுவதில்லை, வேறொன்று வேண்டியிருக்கிறது. மாட்டுப்பட்டியில் விடுமுறைதோறும் பட்டதாரி இளைஞர் சிலருக்கு இத்தொழிலைச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தையே இங்குக் கூற விழைகிறேன்.

மூணாறு வட்டாரத்துத் தோட்டங்களை 2005-ஆம் ஆண்டில் டாடா டீ நிறுவனத்திடமிருந்து கண்ணன் தேவன் கம்பெனி ஏற்றபோது, தொழிலாளர்களே அதில் பங்குதாரர் ஆயினர். கொழுந்து பறிக்கும் பெண், கூலி பெறுபவர் மட்டுமல்லர், பங்குக்குரியவரும் ஆனார். அவர்களுள் மிகப் பலருக்குத் தாய்மொழி தமிழ். பத்தாண்டு கழித்து, 2015 செப்டம்பரில், முந்திய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடானதை எதிர்த்து அப்பெண்கள் சாலையில் அமர்ந்தனர். ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரை நாடே அறிந்தது. முடிவில் 20 விழுக்காடு கிடைத்தது: 8.33 போனஸ், 11.67 கருணைத்தொகை.

அப்போராட்டம் எழுத்துக் குறையால் எழுந்ததன்று, கூலியால் எழுந்தது. ஆயினும் அந்த இரண்டு எண்களை ஒரு தொழிலாளிக்கு எவ்வாறு எழுதிக் காட்டுவது? நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் முதற் பயிற்சி இதுவே. 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. ஏறத்தாழ ஒரு மாதக் கூலி. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த குறைந்த அளவு போனஸ் அது. மிகுதி, நிறுவனம் இசைந்து தருவது. இரண்டும் சேர்ந்தால் ஆண்டுக் கூலியில் ஐந்தில் ஒன்று. கணக்கு விளங்காதவர் எழுதும் தமிழ் எவ்வளவு தூயதாயினும் பயன் தராது. ஆகவே இத்தொழிலுக்கு வருபவர் அகராதியோடு பழகுவதற்கு முன் கணக்கரோடு பழக வேண்டும். இளைஞர்களோ என்னிடம் முதலில் கேட்பது கலைச்சொற் பட்டியலைத்தான்!

நானும் அப்படித்தான் தொடங்கினேன். வேலையில் சேர்ந்த புதிதில், “உரிய படிவத்தில் விண்ணப்பம் சமர்ப்பிக்கப்படாவிடின் கோரிக்கை பரிசீலிக்கப்படமாட்டாது” என்று பெருமையோடு பெயர்த்தேன். மூலத்தில் ஒரு சொல்லும் விடுபடவில்லை. சில நாட் கழித்து ஒரு மூதாட்டி அத்தாளை நீட்டி, “ஐயா, பணம் வருமா, வராதா?” என்றார். “பணம் பெற, இப்படிவத்தை நிரப்பி 30-ஆம் தேதிக்குள் அலுவலகத்தில் கொடுங்கள், எழுதத் தெரியாதவருக்கு அங்கேயே எழுதித் தரப்படும்” என்றல்லவா நான் எழுதியிருக்க வேண்டும்?

கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் இடமளிக்கிறது. தனியார் நிறுவனங்களை அது கட்டுப்படுத்தாது. அங்கே, “ஆங்கிலமே போதும்” என்னும் மேலாளரிடம் எழுத்தர் தாமே வாதாட வேண்டியிருக்கும். ‘விளங்காத அறிவிப்பால் அலுவலக வாயிலில் எத்தனை பேர் நாட்கூலி இழந்து நிற்கிறார்கள் என்று எண்ணிக் காட்டுங்கள்’ என்பேன். மொழிப் பற்றைக் காட்டிலும் அந்த எண்ணிக்கை மேலாளரிடம் விரைவாகச் செல்லும். இவ்வெழுத்தில் பெயர் வராது, புகழும் வராது. அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

என் வகுப்பில் திருத்தம் செய்பவன் நானல்லன். எழுதியதை மாணவர் தம் வீட்டு முதியவர் ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டவேண்டும். அவர் “யாரு? எப்போ? எங்கே?” என்று கேட்குமிடத்தில் கோடிட வேண்டும். சென்ற முறை ஒரு மாணவியின் தாளில் பதினொரு கோடுகள் இருந்தன. படித்துக் கேட்டவர் அவருடைய பாட்டி. முப்பதாண்டு கொழுந்து பறித்தவர். இரண்டாம் முறை எழுதியதில் கோடுகள் மூன்றாயின. மூன்றாம் முறைக்காக அவர் மீண்டும் பாட்டியிடம் சென்றிருக்கிறார்.