எப்படித் தெரியும்?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘சுற்றுச்சூழல் மாசு’ பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள்? “மாசு தீமையானது. மாசினால் பல தீமைகள் விளைகின்றன. எனவே மாசைத் தடுக்க வேண்டும்.” வாக்கியம் மூன்று, விஷயம் ஒன்று. எழுத்துப் பிழை இல்லாததால் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

இதை எழுதுகிற பிள்ளை இருப்பது எண்ணூரில். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி, கரை ஒதுங்கிய எண்ணெயை வாளி வாளியாக அள்ளினார்களே, அந்தப் பகுதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் முகத்துவாரத்தில் பரவி, படகும் வலையும் கறுத்துப்போயின. சான்று வாசலிலேயே கிடக்கிறது. அதை நோட்டில் எழுதலாம் என்பதுதான் பிள்ளைக்குத் தெரியவில்லை. கட்டுரை என்றால் கோனார் உரையில் வருகிற மாதிரி இருக்கவேண்டும் என்று நினைக்கிறது.

என் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி “எண்ணெயால் மீனவர்கள் பாதிக்கப்பட்டனர்” என்று எழுதினாள். ஓரத்தில் “எப்படித் தெரியும்?” என்று எழுதினேன். பதிலை முதலில் வாயால் சொல்லச் சொன்னேன். “எங்கப்பா வலையைக் கழுவிக் கழுவிப் பார்த்தாரு மிஸ், கறை போகல. புது வலைக்குக் கடன் வாங்குனாரு.” அப்படியே எழுது என்றதும், “இதெல்லாம் எழுதலாமா மிஸ்?” என்றாள்.

அடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஓர் எழுத்து: பார்த்தது என்றால் ‘பா’, கேட்டது என்றால் ‘கே’, நினைப்பது என்றால் ‘நி’. 2017 கசிவின்போது இவர்கள் சின்னக் குழந்தைகள், அது ‘கே’தான். யார் சொன்னது என்றும் சேர்த்து எழுத வேண்டும். ஒரு பையன் “மீனே இல்லை” என்று எழுதி ‘பா’ போட்டிருந்தான். பக்கத்தில் இருந்தவன் விடவில்லை. கேட்கக் கேட்க வேறு கதை வந்தது. மீன் இருந்திருக்கிறது, எண்ணெய் வாடை அடிக்கும் என்று வாங்கத்தான் ஆளில்லை. ஆயா கூடையை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறார். அவன் தன் முதல் வாக்கியத்தையே அடித்துவிட்டு மாற்றி எழுதினான். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

சிக்கலும் உண்டு. “கம்பெனி வேண்டும்” என்று எழுதிய ஒருவனின் அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. வார சம்பளம், வீட்டு வாடகை, தங்கையின் மருந்து எல்லாவற்றையும் எழுதியிருந்தான். வலைக்காரர் மகளுக்குக் கோபம். சண்டையை நிறுத்தி, ஒருவர் சொன்ன சான்றில் ஒன்றை மற்றவர் தன் பத்தியில் சேர்த்து, அதற்குப் பதிலும் எழுதவேண்டும் என்றேன். அவள் சம்பளத்தைச் சேர்த்தாள். பதில் எழுத மட்டும் இரண்டு நாள் ஆனது.

நாற்பது பிள்ளைகளிடமும் நாமே கேட்க ஒரு பாடவேளை போதாது. பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் கேட்கட்டும். மூன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் எழுத்தில் தொடங்க வேண்டாம். “ஏன்னா” என்று ஒரு வாக்கியம் வாயால் வந்தால் இப்போதைக்குப் போதும்.