யந்திரப் போட்டியும் வாழ்க்கைத் தொழிலும்

(சங்க மண்டபத்தில் நடைபெற்ற மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



சென்ற மாதக் கூட்டம் முடிந்து நாங்கள் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நிருவாக சபையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னை அருகே அழைத்தார். நமது சங்கத்துப் பையன்கள் ஐவர், மண்டபத்தின் பின்னாலுள்ள சிறிய அறையைச் சனிக்கிழமைகளில் றோபோப் போட்டி வேலைக்குத் தரவேண்டும் என்று விண்ணப்பம் எழுதியிருக்கிறார்கள் அல்லவா? அதைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, நீ சர்வகலாசாலையிற் படிக்கிற பிள்ளை. உள்ளதைச் சொல்லு. இந்தப் போட்டியாலே ஒரு உத்தியோகம் வருமோ?" என்று கேட்டார். நானும் யோசியாமல், "வரும் ஐயா" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குப் போனபின் அந்த விடை என்னை உறுத்தத் தொடங்கிற்று. அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையுமன்று. ஆகவே இன்று எனக்குத் தரப்பட்ட நேரத்தை அந்த விடையைத் திருத்துவதற்கே செலவிட விரும்புகிறேன்.

றோபோப் போட்டி என்றதும் தகரத்தாற் செய்த மனிதன் மேடையிலே கைகாலை ஆட்டி நடப்பான் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. மாணவர் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து, கொடுக்கப்பட்ட ஒரு வேலையைக் குறித்த நேரத்துள் செய்து முடிக்கும் யந்திரம் ஒன்றைத் தாமே அமைத்து, மற்றக் குழுக்களின் யந்திரங்களோடு போட்டிக்கு விடுவதுதான் அது. பந்தை எடுத்துக் கூடையிற் போடுவது ஒரு வேலையாக இருக்கலாம். கோட்டின் வழியே பிசகாமல் ஓடுவது இன்னொன்றாக இருக்கலாம். அமெரிக்காவிலே டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் 1989ஆம் ஆண்டில் இதற்கென ஒரு ஸ்தாபனத்தை நிறுவினார். விளையாட்டு வீரரைக் கொண்டாடுவதுபோல் இளைஞர் விஞ்ஞானத்தையும் கொண்டாடவேண்டும் என்பது அவரது அவா. மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்துப் பேராசிரியர் வூடி பிளவர்ஸ் அவருக்குத் துணைநின்றார். முதற் போட்டி 1992இல் 28 குழுக்களோடு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்தது. இன்று பல தேசங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குழுக்கள் அதிற் பங்குபற்றுகின்றன.

இனி, தொழிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நம் நாட்டிலே ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதி முடிந்ததும் உயிரியலா, கணிதமா, வர்த்தகமா, கலையா, 2013 முதல் வந்த தொழினுட்பமா என்று ஒரு துறையைத் தெரிந்தாகவேண்டும். அப்போது வயது பதினாறு. அந்த வயதிலே அப்பிள்ளை ஒரு மோட்டரைக் கழற்றியிருக்கமாட்டான். ஒரு வியாபாரக் கணக்கை எழுதியிருக்கமாட்டான். பெற்றோர் சொன்னதையும் பக்கத்து வீட்டு அண்ணா எடுத்ததையும் பார்த்துத் தெரிகிறான். கண்ணாற் காணாத பெண்ணுக்குத் தாலி கட்டுவதுபோல என்று சொன்னால் பெரியோர் சிரிப்பீர்கள். ஆனால் அந்தக் கலியாணத்திலாவது இரண்டு பகுதியாரும் விசாரித்துப் பார்ப்பார்கள்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் மிசன் கல்லூரி ஒன்றிற் படித்தவன். எங்கள் பௌதிக ஆசிரியர் ஆய்வுகூடத்தின் திறப்பைப் பின்னேரங்களில் எங்களிடம் விட்டுவிட்டுப் போவார். நாங்கள் நால்வர் கூடி, வெள்ளைத் தளத்திலுள்ள கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் சிறு வண்டி ஒன்றைச் செய்தோம். பின்னேரங்களிலே அது அன்னம்போல ஓடிற்று. போட்டியன்றோ காலை வெயில் மண்டபத்து யன்னல் வழியாகத் தளத்தில் விழுந்தது. எங்கள் வண்டியின் ஒளியுணரிகளுக்குக் கறுப்பெது வெள்ளையெது என்று தெரியவில்லை. முதல் வளைவிலேயே கோட்டை விட்டு நடுவர் மேசைக்குக் கீழே போய் நின்றது! மற்ற மூவரும் தலையிற் கைவைத்து நிற்க, எனக்கு மட்டும் ஒரு சந்தோஷம். வெயிலுக்கு அந்த உணரி ஏன் மயங்கிற்று என்பதை அளந்து பார்க்கவேண்டும் என்று மனம் துடித்தது. அப்பா என்னை வைத்தியனாகக் காண ஆசைப்பட்டவர். நான் கணிதப் பிரிவுக்குப் போய், இன்று பௌதிகம் படிக்கிறேன். வண்டிக்கு வயர் பொருத்திய நண்பன் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறான். என்னிலும் பார்க்க உழைக்கிறான்.

என் கதை சிறிது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு நால்வரின் கதை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே, பீனிக்ஸ் நகரின் மேற்குப் புறத்தில், கார்ல் ஹேடன் என்ற உயர்தரப் பாடசாலை இருக்கிறது. ஏழைகள் வாழும் பகுதி. 2004ஆம் ஆண்டிலே அங்கு படித்த ஒஸ்கார் வாஸ்கேஸ், கிறிஸ்தியன் ஆர்சேகா, லொறென்ஸோ சந்தில்யான், லூயிஸ் அறாண்டா என்னும் நால்வரும் மெக்சிக்கோவிற் பிறந்து சிறுவயதிலே கொண்டுவரப்பட்டவர்கள். முறையான குடிவரவுப் பத்திரம் இல்லாதவர்கள். ஒஸ்காருக்கு இராணுவத்திற் சேர ஆசை. பத்திரம் இல்லாதபடியால் அது முடியாது என்று தெரிந்தபின்னரே றோபோக் குழுவுக்கு வந்தான். கிறிஸ்தியன் படிப்பிற் கெட்டிக்காரன். லொறென்ஸோ தெருச் சண்டைக் கூட்டத்தோடு திரியும் நிலையிலிருந்தவன். லூயிஸ் சமையல் வேலைக்குப் போய்வந்தவன்.

அலன் கமரன், பிரெடி லஜ்வார்டி என்ற இரு ஆசிரியர்கள் இவர்களைச் சேர்த்து, கலிபோர்ணியாவிலே சான்ரா பார்பராவில் நடந்த நீரடி யந்திரப் போட்டியிற் புகுத்தினார்கள். பாலைவனத்துப் பிள்ளைகளுக்கு நீரடிப் போட்டி! அதிலும் பாடசாலைப் பிரிவில் அல்ல, சர்வகலாசாலைகள் போட்டியிடும் மேற்பிரிவில். பாடசாலைகளிடம் தோற்றால் வெட்கம். பெரியவர்களிடம் தோற்றால் ஒருவரும் குறைசொல்லார் என்பது ஆசிரியர்களின் கணக்கு.

கையிலிருந்த பணம் ஏறக்குறைய 800 டொலர். வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கும் பீ.வீ.சீ. குழாயை வெட்டி ஒட்டி உடல் செய்தார்கள். ஒட்டிய பசையின் மணம் தாங்கமுடியாமல் யந்திரத்துக்கு "நாற்றக்காரன்" என்று பெயரிட்டார்கள். தெரியாததை நிபுணர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்கள். நீளம் அளக்க, நிலம் அளப்போர் பாவிக்கும் லேசர்க் கருவியை உள்ளே வைத்து, அது காட்டும் எண்ணைக் கமரா மூலம் படித்தார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தை விளக்கவேண்டும். நீருக்கடியிற் போகும் யந்திரத்துக்குக் கரையிலிருந்து மின்சாரம் அனுப்பினால், நீண்ட மெல்லிய வயரிலே மின்னழுத்தம் குறைந்துபோகும். வயரைத் தடிப்பாக்கினால், அது யந்திரத்தை வாலைப் பிடித்து இழுப்பதுபோல இழுக்கும். ஆதலால் பற்றறியை யந்திரத்தின் உள்ளேயே வைக்கத் துணிந்தார்கள். நீர் புகுந்தால் எல்லாம் போம். ஆனால் வால் மெல்லிதாகும். எதை இழந்து எதைப் பெறுவது என்று நிறுத்துப் பார்ப்பதே பொறியியலின் உயிர். அதைப் பாடசாலை வயதிலே, புத்தகத்தில் அல்ல, தம் கையிலுள்ள காசிலும் வயரிலும் கற்றார்கள்.

போட்டிக்கு வந்த இடத்தில் பெட்டிக்குள் நீர் கசிந்தது. இரவிரவாக இருந்து வயர்களை மீளப் பற்றவைத்தார்கள். கசிவை என்செய்வது? இதைச் சபையிற் சொல்லச் சற்றுக் கூச்சமாயிருக்கிறது. சொல்லாவிட்டாலோ கதை முழுமையாகாது. பெண்கள் மாதவிலக்குக் காலத்திற் பாவிக்கும் பஞ்சுச் சுருள் நீரை நன்றாக உறிஞ்சுமே என்று லொறென்ஸோ சொன்னான். அவனையே கடைக்கு அனுப்பினார்கள். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அங்கு நின்ற பெண்மணி ஒருவரிடம் விசாரித்து வாங்கி வந்தான். பஞ்சு வேலைசெய்தது.

எதிரே நின்றவர்களில் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் 12 பேர் கொண்ட குழுவும் ஒன்று. நீரடி வேலைகள் முடிந்தன; நடுவர்கள் நால்வரையும் இருத்திக் கேள்வி கேட்டார்கள்; எழுதிக் கொடுத்த விளக்க அறிக்கையைப் படித்தார்கள். முடிவிலே முதலிடம் கார்ல் ஹேடனுக்கு, மசச்சூசெற்ஸ் இரண்டாமிடம். தொழினுட்ப எழுத்துக்கான பரிசும் இந்த நால்வருக்கே கிடைத்தது. வீட்டிலே ஸ்பானிய மொழி பேசிய பிள்ளைகள் ஆங்கில அறிக்கைக்குப் பரிசு பெற்றார்கள் என்பதை, நம்மில் ஆங்கிலத்துக்கு அஞ்சுவோர் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும்.

சினிமாவானால் இவ்விடத்தில் மாலை போட்டு முடித்துவிடுவார்கள். 2015இல் இக்கதையைச் சினிமாவாகவும் எடுத்தார்கள். ஆனால் ஐயா கேட்ட கேள்விக்கு விடை இதற்குப் பிறகுதான் வருகிறது.

ஜொஷுவா டேவிஸ் என்னும் பத்திரிகையாளர் 2005இல் இவர்களைப் பற்றி "வயர்ட்" சஞ்சிகையில் எழுதினார். வாசகர்கள் படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்பினார்கள். கிறிஸ்தியன் அரிசோனா அரச சர்வகலாசாலையிற் சேர்ந்தான். 2006 நவம்பரில் அம்மாநில மக்கள், பத்திரமில்லாத மாணவர் வெளிமாநிலத்தவருக்குரிய உயர்ந்த கட்டணமே கட்டவேண்டும் என்ற சட்டத்துக்கு வாக்களித்தார்கள். கிறிஸ்தியனாற் கட்ட முடியவில்லை; படிப்பை விட்டான். நால்வரில் மிகக் கூரிய மூளை என்று பேரெடுத்தவன், வீட்டுத் தளபாடமும் குழாயும் விற்கும் பெரிய கடை ஒன்றில் வேலைக்குப் போனான்.

ஒஸ்கார் எப்படியோ நின்று பிடித்து 2009இல் யந்திரப் பொறியியற் பட்டம் பெற்றான். பட்டம் இருந்தும் பத்திரமில்லை. சட்டப்படி வருவோம் என்று தானாகவே மெக்சிக்கோவுக்குத் திரும்பி விண்ணப்பித்தான். பத்து ஆண்டுகளுக்கு வரமுடியாது என்று மறுத்தார்கள். மனைவியும் கைக்குழந்தையும் அமெரிக்கப் பிரசைகள். செனற்சபை உறுப்பினர் டிக் டேர்பின் அவனுக்காகப் பேசினார்; 2010இல் விசா கிடைத்தது. வந்தவன் செய்த முதற் காரியம் இராணுவத்திற் சேர்ந்தது! ஆப்கானிஸ்தானிற் சேவைசெய்து, பிரசையாகி, பின்னர் புகையிரதக் கம்பனி ஒன்றில் வேலைபெற்றான்.

லொறென்ஸோவும் லூயிசும் சமையற் கலை படித்தார்கள். விருந்துகளுக்கு உணவு சமைத்துக் கொடுக்கும் தொழிலைக் கூட்டாகத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள், "இங்குமில்லை, அங்குமில்லை" என்பது.

ஒரே யந்திரம், ஒரே வெற்றி, நான்கு வழிகள். பொறியியற் பட்டம் ஒருவனுக்குத்தான். அப்படியானால் போட்டி மற்ற மூவருக்கும் வீணா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிறிஸ்தியனைப் படிப்பிலிருந்து இறக்கியது போட்டியன்று, கட்டணம். போட்டி அவனுக்குத் தன் வழியைக் காட்டிற்று. அந்த வழியின் வாயிலை அடைத்தவர்கள் வளர்ந்தவர்கள். லொறென்ஸோ யந்திரத்தைக் கைவிட்டான்; ஆனால் தெருச் சண்டைக்குத் திரும்பிப் போகவில்லை.

இத்தகைய போட்டிகளிற் சேர்ந்த மாணவரையும் சேராதவரையும் பிரண்டைஸ் சர்வகலாசாலையார் பல ஆண்டுகள் தொடர்ந்து ஒப்பிட்டிருக்கிறார்கள். சேர்ந்தவர்களிடம் விஞ்ஞான, பொறியியற் படிப்புகளில் நாட்டம் கூடுதலாக இருந்ததென்றும், பெண்பிள்ளைகளிடத்தில் அவ்வேறுபாடு இன்னும் கூடுதலென்றும் கண்டார்கள். விருப்பமுள்ளவர்தானே சேர்வார்கள், அதில் என்ன அதிசயம் என்று இங்கு ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் குழுவில் ஒருவன் வந்தது மாலை வகுப்புக்குக் கள்ளம் போடுவதற்கு. வந்தபின்பே பற்றவைக்கும் கோல் அவன் கையிற் படிந்தது. பெண்பிள்ளைகள் விஷயத்திலோ விண்ணப்பத்தில் ஒரு குறை காண்கிறேன்: ஐந்து பெயரும் பையன்கள். சகோதரிகள் இரண்டொருவரைச் சேர்க்காமல் அந்த அறையைக் கேட்பது எனக்குச் சம்மதமில்லை. அதை அவர்களிடமே சொல்லிவிட்டேன், முகம் சுருங்கிற்று.

இன்னொன்று. இப்போது சில இடங்களிற் காசு வாங்கிக்கொண்டு யந்திரத்தைச் செய்து கையிற் கொடுக்கிறார்கள். பிள்ளை மேடையிற் பொத்தானை அழுத்திவிட்டுக் கிண்ணத்தோடு வருகிறது. அவ்விதமாயின் சனிக்கிழமை வீட்டில் நித்திரை கொள்வதே மேல். நடுவர் மேசைக்கடியில் எங்கள் வண்டி போய் நின்றபோது நான் அறிந்துகொண்டதை அந்தப் பிள்ளை ஒருகாலமும் அறியப்போவதில்லை.

ஆகவே ஐயா, சென்ற மாதம் "வரும்" என்று சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். உத்தியோகம் வரலாம், வராமலும் போகலாம். ஒருவன் எஞ்சின் திருத்தப் போவான், ஒருவன் சமைக்கப் போவான், ஒருத்தி வைத்தியராகவே போவாள். எதற்குப் போனாலும், தனக்கு எது கைவரும், எது கைவராது என்று பதினாறு வயதுக்கு முன்னே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதற்கு மேல் நான் உறுதி சொல்லமாட்டேன்.

அந்தப் பின்னறையில் இப்போது உடைந்த கதிரைகள் பதினெட்டும் பழைய பெற்றோமாக்ஸ் விளக்கு இரண்டும் இருக்கின்றன. நேற்று எண்ணிப் பார்த்தேன். அவற்றை எடுத்து அடுக்க நாங்கள் ஆயத்தம். மேசை ஒன்று போதும். மின்சாரச் செலவுக்கு மாதம் ஒரு தொகையைப் பையன்களே தருவதாகச் சொல்கிறார்கள். நிருவாக சபை வரும் செவ்வாய்க்கிழமை கூடுகிறது. திறப்பு ஐயாவிடம் இருக்கிறது.