மாத்திரையும் சமாதியும்



மூளையை மாற்றும் மருந்துகளைச் சாப்பிட்டு ‘ஆத்மானுபவம்’ பெறலாம் என்று ஒரு கூட்டத்தாரும், யோகத்தாலும் தியானத்தாலுமே பெறமுடியும் என்று மற்றொரு கூட்டத்தாரும் சொல்லுகிறார்களே, இவற்றில் எது மேலானது என்பதைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக் கொண்டிருக்கிறீர்கள். மருந்துக் கட்சியார், “நீங்கள் நாற்பது வருஷம் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அடைவதை நாங்கள் ஒரு பகலில் அடைந்து விடுகிறோம்” என்கிறார்கள். யோகக் கட்சியாரோ, “உங்களுடையது வெறும் போதை, எங்களுடையதே மெய்யான சமாதி” என்கிறார்கள். இவ்வழக்கில் நாம் எந்தக் கட்சிக்கும் வக்கீலாக வரவில்லை. சாட்சியங்களை எடுத்து வைக்கிறோம், தீர்ப்பு உங்களுடையது. நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிடவும் வேண்டியதில்லை.

முதலில் மருந்தை எடுத்துக் கொள்ளுவோம். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்து மருந்துக் கம்பெனி ஒன்றில் ஆல்பர்ட் ஹாப்மன் என்னும் ரசாயன நிபுணர் 1938-ல் எல்.எஸ்.டி. என்ற பொருளைச் செய்தார். 1943 ஏப்ரல் 19-ந் தேதி அதில் 250 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் கால் பங்கு, தாமே சாப்பிட்டுப் பார்த்தார். சைக்கிளில் வீடு போய்ச் சேருவதற்குள் உலகமே உருமாறிவிட்டது. சாகப்போகிறோமோ, பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று முதலில் திகில். பிறகு கண்ணை மூடினால் வர்ணக்கோலங்கள். அவர் விரதமும் இருக்கவில்லை, மந்திரமும் ஜெபிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மெக்ஸிகோ நாட்டு மசடெக் மக்கள் தெய்வ காரியங்களுக்காகச் சாப்பிட்டு வந்த காளானிலிருந்து சைலோசைபின் என்ற சத்தைப் பிரித்தெடுத்து 1958-ல் வெளியிட்டவர்களில் முதன்மையானவரும் இவரே.

அந்தச் சைலோசைபினைக் கோயிலுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சோதித்தார்கள். 1962 ஏப்ரல் 20, புனித வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் பாஸ்டன் சர்வகலாசாலையின் மார்ஷ் தேவாலயம். சோதித்தவர் வால்டர் பான்கே. இவர் வைத்தியரும் பாதிரியாருமானவர். பாதிரி வேலைக்குப் படிக்கும் 20 மாணவர்களில் பத்துப் பேருக்குச் சைலோசைபினும், மற்றப் பத்துப் பேருக்கு உடம்பில் சூடு மட்டும் உண்டாக்கும் நிக்கோட்டினிக் அமிலமும் கொடுத்தார். பிரசங்கம் ஒன்றே, பாட்டு ஒன்றே, பக்தியும் ஒன்றே. ஆனால், ‘பேரானந்தம் கண்டோம், எல்லாம் ஒன்றென உணர்ந்தோம்’ என்று சொன்னவர்கள் பெரும்பாலும் காளான் சத்து சாப்பிட்டவர்களே. தோழர்களே! கடவுள் பக்தியைப் பார்த்து அருள் செய்கிறவராக இருந்தால், இருபது பேருக்கும் அல்லவா செய்திருக்க வேண்டும்? மாத்திரை எந்த வாயில் விழுந்தது என்று பார்த்தா அருள் செய்வார்?

நிற்க. இதே எல்.எஸ்.டி.யை அமெரிக்க ஒற்றர் இலாகாவும் 1953-ல் மனிதரை வசப்படுத்தும் ஆயுதமாகச் சோதித்து வந்தது. அவ்வருஷம் நவம்பரில், அரசாங்க விஞ்ஞானி ஒருவருக்கு அவர் அறியாமலே மதுபானத்தில் கலந்து கொடுத்தார்கள். ஒன்பது நாளைக்குள் அவர் நியூயார்க்கில் ஒரு ஓட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். அந்தச் சாவின் மர்மம் எதுவானாலும் இருக்கட்டும். மருந்துக்குள் ஞானம் குடியிருந்தால், அதைக் கையாண்ட ஒற்றர்கள் எல்லாம் ஞானிகள் ஆகியிருக்க வேண்டாமா? கோயிலில் சாப்பிட்டவனுக்குக் கடவுளும், ஏமாந்து குடித்தவனுக்குத் திகிலும் வருகிறதென்றால், அங்கே தோன்றுவது அவனவன் மனத்தில் முன்பே இருந்த சரக்கு என்பதல்லாமல் வேறென்ன?

இன்னும் ஒரு சாட்சி. 1998-ல் சூரிச் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், கெட்டான்சரின் என்ற வேறொரு மருந்தை முன்னதாகக் கொடுத்துவிட்டுப் பிறகு சைலோசைபின் கொடுத்தார்கள். தரிசனங்கள் நின்றுபோயின. மூளையில் செரோட்டோனின் என்ற பொருள் வந்து பொருந்தும் ஓர் இடத்தை முன்கூட்டியே அடைத்துவிட்டதே காரணம். ஒரு மாத்திரை திறக்கும் மோட்ச வாசலை மற்றொரு மாத்திரை சாத்திவிடுகிறது!

“கண்ணை மூடினால் சூரியன் தெரிவதில்லை, அதற்காகச் சூரியனே இல்லை என்பீர்களா?” என்று புத்திசாலி ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், சூரியனைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே சூரியனைச் சொல்லுகிறார்கள். கிரகணம் எந்த நிமிஷத்தில் பிடிக்கும் என்று கணக்கிட்டால் அந்த நிமிஷத்தில் பிடிக்கிறது. தரிசனம் கண்டவர்களோ, ஏசு என்றும், தேவி என்றும், சூனியம் என்றும் ஆளுக்கொன்று சொல்லுகிறார்கள். பரீட்சித்துப் பார்க்கத்தக்க ஒரே ஒரு செய்தியையாவது அங்கிருந்து கொண்டு வந்தவர் யார்?

இனி யோகக் கட்சிக்கு வருவோம். மருந்தைப் பழிக்கும் இவர்கள், பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் நான்காம் பாதத்து முதல் சூத்திரத்தைப் பார்க்கட்டும். சித்திகள் பிறப்பதற்குச் சொல்லியுள்ள ஐந்து வழிகளில் மூலிகையும் ஒன்று! ரிக்வேதத்து ஒன்பதாம் மண்டலம் முழுவதும் சோமச் சாற்றின் புகழ்தானே?

ஹார்வர்டு சர்வகலாசாலையில் எல்.எஸ்.டி., சைலோசைபின் ஆராய்ச்சிகளில் ஈடுபட்டு 1963-ல் வேலை இழந்த ரிச்சர்டு ஆல்பர்ட் என்பவர், 1967-ல் இந்தியா வந்து இமயமலை அடிவாரத்துச் சாமியார் ஒருவருக்குச் சீடரானார். 900 மைக்ரோகிராம் அளவு எல்.எஸ்.டி.யைத் தம் குரு விழுங்கியும் ஒன்றும் ஆகவில்லை என்று இவர் எழுதிய கதையை மேல்நாட்டு யோகப் பிரியர்கள் இன்றைக்கும் பெரிதாகச் சொல்லுகிறார்கள். சாட்சி யார்? சீடர்! பரிசோதித்தது யார்? ஒருவருமில்லை!

இதனால் தியானத்தில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. அமைதியாக உட்கார்ந்து மூச்சை நிதானப்படுத்தினால் படபடப்பு தணியும். நல்ல தூக்கத்தால் நன்மை இருப்பதுபோல் இதிலும் இருக்கலாம். சைலோசைபினை மனச்சோர்வுக்கு மருந்தாக்கலாமா என்றும் வைத்தியர்கள் சோதித்து வருகிறார்கள். அது வைத்தியர் கவனிக்க வேண்டிய வேலை. ஆனால் இரண்டிலும் ஆபத்தும் உண்டு. 2006-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் சகல ஜாக்கிரதையோடும் சைலோசைபின் கொடுக்கப்பட்ட 36 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கடும் பயம் அடைந்தார்கள். தியானம் பழகியவர்களிடத்திலும் பீதியும், மனக்குழப்பமும் காணப்பட்டதை 2017-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று.

இங்கேதான் தோழர்களே, உயிர்போகும் விஷயம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒருவன் கதறினால் வைத்தியர் ஓடி வருவார். ஆசிரமத்தில் கதறினால், “கர்மவினை கழிகிறது, குண்டலினி எழும்புகிறது, இன்னும் உட்கார்” என்பார் குரு. மருந்துக் கூட்டத்திலோ, “இன்னும் ஒரு மாத்திரை சாப்பிடு” என்பான் தோழன். ‘இது தெய்வீகம்’ என்ற ஒரு சொல், உதவிக்குக் கூப்பிட வேண்டிய வாயை அடைத்துவிடுகிறது. மார்ஷ் தேவாலயத்திலேயே மாணவர் ஒருவர் நிலைதவறிப் போக, மயக்க ஊசி போட வேண்டியதாயிற்று. பான்கே அதைத் தம் அறிக்கையில் சொல்லவில்லை. அதே மாணவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்த மற்றோர் ஆராய்ச்சியாளர்தான் 1991-ல் வெளிப்படுத்தினார். விஞ்ஞானியும் மறைப்பான், ஆனால் அவனை மறுபடி விசாரிக்க வழி இருக்கிறது. சமாதியை மறுவிசாரணை செய்ய எந்த மடத்தில் வழி இருக்கிறது?

ஆகவே, எது உயர்ந்த வழி என்று கேட்டால், இரண்டும் மூளைக்குள்ளே போய் மூளைக்குள்ளேயே முடியும் வழிகள் என்பதே நமது அபிப்பிராயம். அந்த மருந்து மூளையில் எந்த இடத்தில் பொருந்துகிறது என்று கண்டுபிடித்தவர்கள் பரவசத்தில் கிடந்தவர்கள் அல்லர். விழித்திருந்து வேலை செய்தவர்களே. அனுபவம் கண்டேன் என்று ஒருவன் சொன்னால் அவனைப் பொய்யன் என்று சொல்லாதீர்கள். ‘கண்டது சரி, அதிலிருந்து நீ சொல்லும் முடிவுக்கு ஆதாரம் என்ன?’ என்று மாத்திரம் கேளுங்கள். உங்கள் பிள்ளை பயந்து கதறினால், குருவினிடமும் போகாதீர்கள், மருந்துத் தோழனிடமும் போகாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.