முயல் வளர்ப்பும் அதன் இறைச்சி விற்பனையும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



முயல் விரைவிற் பெருகும் என்பது யாவரும் அறிந்த விஷயம். பெண் முயல் இணை சேர்ந்த 30 அல்லது 31ஆம் நாளில் குட்டி ஈனும். ஓர் ஈற்றில் 6 முதல் 8 குட்டிகள் வரை கிடைக்கும். அவை ஏறக்குறைய 12 வாரங்களில் 2 கிலோ எடை பெற்று இறைச்சிக்குப் பக்குவமாகும். இவற்றைக் கேட்டவுடன் கூண்டு கட்டத் துணிபவர் பலர். வாங்குவோர் யார் என்று விசாரித்துவிட்டுக் கட்டுபவர் சிலரே. முயல் வளர்ப்பில் நஷ்டமடைந்தோருட் பெரும்பாலோர் வளர்க்கத் தெரியாமல் நஷ்டமடைந்தவரல்லர். விற்க இடமின்றி நஷ்டமடைந்தவரேயாவர்.

இதில் ஒரு நற்காரியம் உண்டு. கூண்டில் தனித்து வைக்கப்பட்ட பெண் முயலை, வளர்ப்பவர் தாமே ஆண் முயலின் கூண்டுக்கு எடுத்துச் சென்றாலன்றி ஈற்று உண்டாகாது. ஆதலால் எத்தனை குட்டி, எந்த மாதத்தில் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் வளர்ப்பவரிடமே இருக்கிறது. ஆண் முயலைப் பெண்ணின் கூண்டில் விடுதல் ஆகாது. பெண் முயல் தன் இடத்தைக் காக்க எண்ணி அதைக் கடித்துத் துரத்திவிடும்.

பத்துப் பெண் முயலும் இரண்டு ஆண் முயலும் உள்ள ஒரு சிறு பண்ணையின் கணக்கை இங்கே பார்க்கலாம். பெண் முயலொன்று ஆண்டுக்கு ஐந்து ஈற்று ஈன்று, ஈற்றுக்கு ஐந்து குட்டி பிழைத்து வளருமாயின், ஆண்டில் 250 முயல்கள் விற்பனைக்கு வரும். அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய ஐந்து. உயிரெடையில் பாதியளவே இறைச்சியாகத் தேறும். ஆகவே வாரத்துக்கு 5 கிலோ. வாரந்தோறும் அரைக் கிலோ வாங்கும் பத்துக் குடும்பங்கள் தவறாமல் இருந்தால்தான் இச்சிறு பண்ணையும் நடைபெறும். அப்பத்துக் குடும்பங்கள் எவை என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்ட இயலாதவர், இரண்டு மூன்று பெண் முயல்களோடு தொடங்கித் தம் வீட்டு அடுப்பையே முதற் சந்தையாகக் கொள்வது உத்தமம். விற்காத முயல் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு முன்போல் எடை ஏறுவதில்லை. தீனி மாத்திரம் குறைவதில்லை. ஆண் குட்டிகள் ஒன்றையொன்று கடித்துக் காயப்படுத்தத் தொடங்கும். ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருந்துவிட்டாலோ, வேண்டாத ஈற்றுகள் வந்து சேரும்.

விலை வைப்பதிலும் பலர் தவறுகின்றனர். உயிர் முயலின் கிலோ விலையை இரட்டித்து, வெட்டுக்கூலியும் அதன்மேற் சேர்த்தாலே இறைச்சி விலை கட்டும். கோழி விலைக்கு விற்கலாம் என்று எண்ணுவோர் தீனிக் கணக்கை ஒருமுறை எழுதிப் பார்த்தால் போதும். வளரும் முயலுக்கு ஒரு கிலோ எடை ஏற 3 முதல் 4 கிலோ வரை தீவனம் வேண்டும். பண்ணைக் கோழிக்கு அவ்வளவு வேண்டுவதில்லை. ஆகையால் புல்லும் தழையும் தம் நிலத்திலேயே உள்ளவருக்குத்தான் முயல் ஏற்றது. வேலிமசால், குதிரைமசால், அகத்தி, முருங்கைத் தழை, வரப்புப் புல் ஆகியவற்றோடு தவிடும் பிண்ணாக்கும் கலந்த அடர்தீவனம் சிறிதளவு கொடுத்தால் போதும். பனியிலோ மழையிலோ நனைந்த புல்லை உலர்த்தாமற் போடுதல் ஆகாது. வயிறு உப்பி முயல் இறக்கவும் கூடும். முயல் இரவில் தன் மென்மையான எச்சத்தைத் தானே தின்பதைக் கண்டு சிலர் நோயென்று அஞ்சுவதுண்டு. அது அதன் இயற்கை. அதனால் உணவின் சத்து இருமுறை எடுக்கப்படுகிறது.

ஈற்றுக்கு நான்கைந்து நாள் முன்பே உலர்ந்த வைக்கோல் பரப்பிய பெட்டியொன்றைக் கூண்டினுள் வைக்கவேண்டும். தாய் தன் ரோமத்தைப் பிடுங்கி அதில் மெத்தையிடும். குட்டிகள் மயிரின்றிக் கண் மூடிய நிலையிற் பிறக்கும். ஏறக்குறைய பத்து நாளுக்குப் பின் கண் திறக்கும். தாய் நாளைக்கு ஒருமுறையே, அதுவும் சில நிமிஷங்களே பால் கொடுப்பதால், குட்டிகளைக் கவனிக்கவில்லையென்று கருதி அதைத் தொந்தரவு செய்தல் தவறு. நாய், பூனை, பாம்பு ஆகியவை அணுகாதபடி கூண்டைத் தரையினின்று உயர்த்தி வைப்பது அவசியம். காதுச் சொறியும் குட்டிகளின் கழிச்சலும் அசுத்தத்தால் மிகுவன. கூண்டைச் சுத்தமாகவும் அதன் அடியை உலர்வாகவும் வைத்திருந்தால் இவை குறையும். மற்றவற்றுக்குக் கால்நடை மருத்துவரிடம் செல்லவேண்டும்.

சமவெளியில் முயலின் பெரும் பகை வெயிலே. முயலுக்கு வியர்வையால் உடலைத் தணித்துக்கொள்ளும் வசதி இல்லை. கோடையின் கடுமையில் ஆண் முயல் சில வாரங்கள் சினைப்படுத்தும் ஆற்றலை இழந்துவிடும். ஓலைக் கொட்டகை, மரநிழல், நனைத்த சாக்கு, எப்போதும் குளிர்ந்த நீர் இவை இருப்பினும், அக்காலத்தில் நல்ல ஈற்றை எதிர்பார்ப்பதற்கில்லை. ஆயினும் நாட்காட்டியைப் பார்த்தால் இதில் ஓர் ஆறுதல் தெரியும். இணை சேர்த்த நாள்முதல் விற்பனை நாள்வரை 114 நாளாகும். வைகாசியில் விட்டுப்போன ஈற்றினால் குறையும் சரக்கு பெரும்பாலும் புரட்டாசிக்குரியது. புரட்டாசியிலோ புலால் தவிர்ப்போர் நம் ஊர்களில் மிகப் பலர். இதே கணக்கின்படி, கிறிஸ்துமஸ் பண்டிகைக்குச் சரக்கு வேண்டுவோர் செப்டம்பர் 2ஆம் தேதிக்குள் இணை சேர்த்திருக்கவேண்டும்.

இவ்விடத்தில்தான் சங்கத்தின் பிரயோஜனம் வெளிப்படும். தனி ஒருவரிடம் ஒரு வாரம் பத்து முயலும் அடுத்த மூன்று வாரம் ஒன்றுமில்லாமலும் இருந்தால், வாடிக்கைக்காரர் நிலைக்க மாட்டார். எட்டு அங்கத்தினர் சேர்ந்து, இன்னார் இன்ன வாரத்தில் இணை சேர்ப்பதென்று முறை வைத்துக்கொண்டால், வாரந்தோறும் ஒருவரிடமாவது பக்குவமான முயல் இருக்கும். ஒரே தராசு, ஒரே விலை, ஒரே விற்பனை நாள் என்று வகுத்து, முன்கூட்டியே கேட்டெழுதிய அளவுக்கு மாத்திரம் வெட்டுதல் நலம். பிரான்ஸ், இத்தாலி, மால்டா முதலிய தேசங்களில் முயலிறைச்சி வழக்கமான உணவு. இங்கே அதற்கு ருசி பழக்கப்படுத்த வேண்டியிருக்கிறது. கொழுப்புக் குறைந்த இறைச்சியாதலால் கடுந்தீயில் வறுத்தால் வறண்டு நார்போலாகும். மிளகும் தேங்காயும் அரைத்துவிட்டுச் சிறுதீயில் வேகவைத்தால் மிருதுவாயிருக்கும். முதன்முறை வாங்குவோருக்கு இதைச் சொல்லி அனுப்பாத விற்பனையாளர், இரண்டாம் முறை அவரைக் காணமாட்டார்.

“முயல் ஜோடியை எங்களிடம் வாங்குங்கள், குட்டிகளையெல்லாம் நாங்களே நல்ல விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்” என்று வருவோரிடம் மிக்க எச்சரிக்கை வேண்டும். 2012இல் கொங்கு நாட்டில் ஈமு வளர்ப்புத் திட்டங்கள் இத்தகைய வாக்குறுதியின் பேரிலேயே நடந்து முறிந்தன. முதலீடு செய்த குடியானவர்கள் பணத்தை இழந்ததோடு, தீனியின்றித் தவித்த பறவைகளையும் என் செய்வதென்று அறியாது நின்றனர். இறைச்சியை உண்பவர் யாரென்று சொல்லாமல், அடுத்த வளர்ப்பாளருக்கே குட்டி விற்று நடக்கும் வியாபாரம் எதுவாயினும், வளர்ப்பாளர் சேருவது நின்ற நாளில் தானும் நின்றுவிடும். அத்தகைய ஜோடி வாங்குவதற்குச் சங்கத்திற் கடன் கேட்போரிடம், திரும்ப எடுப்பவர் அவ்விறைச்சியை எந்த ஊரில், யாருக்கு விற்கிறார் என்று நிர்வாகக் கமிட்டியார் கேட்பது அவர்கள் கடமை.

சட்ட விஷயமும் ஒன்று உண்டு. காட்டு முயல் வேறு, வளர்ப்பு முயல் வேறு. காட்டு முயல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அதைப் பிடித்தலும் விற்றலும் குற்றம். ஆதலால் வளர்ப்பு முயல் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். இறைச்சியாக வெட்டி விற்க எண்ணுவோர், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழுள்ள அதிகாரியிடம் முன்னதாகவே விசாரித்து, வேண்டிய பதிவையும் அனுமதியையும் எழுத்துமூலம் பெற்றுக்கொண்ட பின்னரே தொடங்கவேண்டும்.

இன முயல்களைச் சந்தையிற் கண்டபடி வாங்காமல், அரசாங்க நிலையங்களிற் கேட்பது நன்று. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு, கம்பள ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை 1965 முதல் இருந்துவருகிறது. அங்கே வெள்ளை ஜயண்ட், சோவியத் சிஞ்சில்லா ஆகிய இறைச்சி இனங்கள் பேணப்படுகின்றன. (பலரும் கேட்கும் நியூஸிலாந்து வெள்ளை என்னும் இனம், பெயர் எப்படியிருப்பினும், அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது.) எழுதிக் கேட்டுக்கொண்டு செல்வதே தகும். மலையின் குளிரிற் பழகிய முயலை நடுப்பகலில் இறக்கிக்கொண்டு வருதல் கூடாது. காற்றோட்டமுள்ள கூடைகளில் நெருக்கமின்றி வைத்து மாலையிற் புறப்பட்டு, விடியுமுன் ஊர் சேரவேண்டும். கோடையில் வாங்காமல் ஐப்பசி, கார்த்திகையில் வாங்கினால் வெயில் வருமுன் ஓரிரு ஈற்றுகளும் எடுத்துக்கொள்ளலாம்.