நீரடிக் கனவும் உவம உருபும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு படத்தை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆழ்ந்த கடல். மேலிருந்து ஒளிக்கற்றைகள் சாய்ந்து இறங்குகின்றன. நடுவே ஒரு பெண் கண்மூடி மிதக்கிறாள். மூச்சுக்குத் தவிக்கும் குறி அவள் முகத்தில் இல்லை. கூந்தல் மேல்நோக்கி விரிகிறது. ஆடை கொடியென அலைகிறது. மீன்கள் அவளைச் சூழ்ந்து செல்கின்றன. இக்காட்சி எந்தக் கடலிலும் நிகழவில்லை. அப்பெண் ஒளிப்படக் கூடத்தில் ஒரு முக்காலியின்மீது சாய்ந்திருந்தாள். மீன்கள் கண்ணாடித் தொட்டியில் நீந்தின. கடல்தளத்தை வேறொருவர் வேறொரு நாளில் எடுத்தார். மூன்றையும் ஒருவர் கணிப்பொறியின்முன் அமர்ந்து ஒன்றாக்கினார்.

இத்தகைய புனைபடம் கலையா, பொய்யா என்னும் வினாவே இவ்வுரையின் பொருள். விடை காண்பதற்குத் தமிழ் அணியிலக்கணத்தின் சிறு சொல் ஒன்று துணைவரும்.

இணைத்துப் படைத்தல் கணிப்பொறியோடு பிறந்த கலை அன்று. 1850-களில் கண்ணாடித் தகட்டில் பூசிய மருந்து நீல ஒளியை மிகுதியாக ஏற்றது. கடல் தெளிவாகப் பதியும்வரை ஒளியை விட்டால் வானம் வெளிறியது. வானுக்கேற்பக் குறைத்தால் கடல் இருண்டது. பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானுக்கு ஒரு நெகட்டிவ் எனத் தனித்தனியே எடுத்துத் தொடுவானக் கோட்டில் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். தென்பிரான்சின் செத் துறைமுகத்தில் 1857-இல் உருவான 'பேரலை' இவ்வாறு இரு நெகட்டிவ்களால் அமைந்ததே.

மறு ஆண்டு இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களை இணைத்து, நோயுற்று இறக்கும் இளம்பெண்ணையும் அவளைச் சூழ்ந்த குடும்பத்தாரையும் காட்டினார். இத்துயரத்தைப் படமெடுக்கலாமா என்று சிலர் சினந்தனர். அங்கே இறந்தவர் எவருமிலர், நடித்தவரே இருந்தனர். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கலைஞர் ஜெரி யூல்ஸ்மன் (1934–2022) இருட்டறையில் பல உருப்பெருக்கிகளை வரிசையாக நிறுத்தி, ஒரே தாளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்திக் கனவுக் காட்சிகளை அச்சிட்டார்.

அந்த இருட்டறையைக் கணிப்பொறித் திரைக்குக் கொண்டுவந்தோர் நோல் உடன்பிறப்புகள். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவரான தாமஸ் நோல் 1987-இல் எழுதத் தொடங்கிய நிரலை அவருடைய தம்பி ஜான் நோல் தம் திரைப்பட அனுபவத்தால் வளர்த்தார். 1989-இல் வெளிவந்த 'தி அபிஸ்' என்னும் கடலடித் திரைப்படத்தில், நீராலான உருவம் ஒன்று உயிர்பெற்று எழுந்து வருகிறது. அதனைப் படைத்த பணியில் ஜானுக்குப் பங்கு உண்டு. கடைக்கு வராத நிலையிலிருந்த அம்மென்பொருளும் அங்கே பயன்பட்டது. 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனம் அதனைப் 'போட்டோஷாப்' என்னும் பெயரில் வெளியிட்டது. நீரைப் புனைந்து காட்டும் வேலை அம்மென்பொருளின் பிள்ளைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது.

1994-இல் வந்த மூன்றாம் பதிப்பு 'லேயர்' எனப்படும் அடுக்குகளைத் தந்தது. கடல் ஓர் அடுக்கு, பெண் ஓர் அடுக்கு, மீன்கள் ஓர் அடுக்கு. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று சிதையாது. 'மாஸ்க்' என்னும் முகமூடி இன்னும் நுட்பமானது. அதில் கறுப்பைத் தீட்டினால் அவ்விடம் மறையும். வெள்ளையைத் தீட்டினால் தோன்றும். சாம்பல் நிறம் பாதி காட்டும். எதுவும் அழிவதில்லை, மறைகிறது. அடித்த வரியைக் கிழித்தெறியாமல் ஏட்டிலேயே வைத்திருக்கும் கவிஞருக்கு இதன் அருமை விளங்கும்.

கருவி கைவந்த அளவில் கனவு வந்துவிடுவதில்லை. கற்போர் பலர் பெண்ணை வெட்டிக் கடலில் ஒட்டியவுடன் பணி முடிந்ததெனக் கருதுவர். ஆனால் அவள் கடலில் இருக்கமாட்டாள். கடற்படம் ஒட்டிய சுவரின்முன் நிற்பாள். கூந்தல் தோளில் படிந்து கிடந்தால் அது நிலத்துக் கூந்தல். ஆகவே தேர்ந்தவர்கள் பெண்ணைச் சாய்த்து, ஆடையை வீசிவிட்டுப் படமெடுக்கின்றனர். கூந்தல் இழைகளை ஒவ்வொன்றாகத் தீட்டுகின்றனர்.

அடுத்தது நிறம். நீர் முதலில் விழுங்குவது செந்நிறத்தை. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்குகிறது. பிறகு ஆரஞ்சு, அதன்பின் மஞ்சள். தெளிந்த கடலில் நெடுந்தொலைவு செல்வது நீலமே. ஆழத்தில் செவ்வாடை கருமை தோய்ந்தே தெரியும். எனவே பெண்ணின் மேனியிலும் ஆடையிலும் சிவப்பைக் குறைத்து நீலப்பச்சையைக் கூட்டவேண்டும். தொலைவிலுள்ள பாறை வேறுபாடு குன்றி நீலத்தில் கரையவேண்டும். அலைபாயும் நீர்ப்பரப்பு வில்லைபோல் ஒளியைக் குவிப்பதால் கடல்தளத்தில் ஒளிவலை விழும். அவ்வலை பெண்ணின் தோளிலும் விழவேண்டும்.

நீர்க்குமிழிகளைக் கரும்பின்னணியில் எடுத்து 'ஸ்கிரீன்' என்னும் கலப்பு முறையில் வைத்தால் கருமை மறைந்து குமிழிகள் மட்டும் எஞ்சும். அவற்றுக்கும் ஒரு நெறி உண்டு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. அங்கிருந்து எழும் குமிழி மேலே வருவதற்குள் பருமனில் இரட்டிக்கும். ஆகவே இதழருகே சிறியதாகவும் உயர உயரப் பெரியதாகவும் குமிழிகள் அமையவேண்டும்.

பெண் கடலில் துயில்வது கற்பனை. சிவப்பு மங்குவதும் குமிழி விரிவதும் உலக நடப்பு. அகப்பாடலுக்குரிய புலனெறி வழக்கத்தைத் தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டையும் சேர்த்தே கூறினார். உலகியல் தளர்ந்தால் நாடகமும் நிற்காது. இது புனைபடத்துக்கும் முற்றப் பொருந்தும்.

இனி அணியிலக்கணத்துக்கு வருவோர் 'இல்பொருள் உவமை'யை நினைவுகூர்வர். 'வேர்விட்ட மின்னல் போல' என்று ஒரு கவிஞர் எழுதுவதாகக் கொள்ளுங்கள். மின்னல் உலகில் உண்டு, வேரும் உண்டு, வேர்விட்ட மின்னல் இல்லை. உறுப்புகள் உண்மை, சேர்க்கை புனைவு. நீரடிப் பெண்ணும் இத்தகையவளே. ஆயினும் கவிஞரிடம் இருக்கும் ஒன்று படைத்தவரிடம் இல்லை. அது 'போல' என்னும் உவம உருபு. 'போல' என்றவுடன் கவிஞர் பொய்யுரைத்தார் என எவரும் வழக்காடுவதில்லை. ஒளிப்படத்தில் 'போல' இல்லை. அது காட்டுவதையெல்லாம் 'இது இருந்தது' என்றே காட்டுகிறது.

உவமைத்தொகையிலும் உருபு வெளிப்படுவதில்லையே என்று இலக்கணம் அறிந்தோர் வினவலாம். 'மலர்முகம்' என்பதில் 'போன்ற' மறைந்தே நிற்கிறது. உண்மை. ஆனால் முகம் மலராகாது என்பதைக் கேட்போர் அறிவர். மறைந்த உருபை அவர்களே விரித்துக்கொள்கின்றனர். நீரடிப் பெண் மூச்சின்றித் துயில்வதும் அவ்வாறே. நடவாதது என்பது வெளிப்படை. பார்ப்பவர் 'போல' என்பதைத் தாமே சேர்த்துக்கொள்கிறார். இதனால் அப்படம் பொய்யன்று.

உருபை விரிக்க இடமின்றி மறைப்பதே பொய். 1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியோகிரஃபிக்' இதழ், அகலவாக்கில் எடுத்த படத்தை நெடிய அட்டைக்குப் பொருத்த, கீசாவின் பிரமிடுகளைக் கணிப்பொறியால் நெருக்கி வைத்தது. கடலடிப் பெண்ணைப் படைப்பதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய மாற்றம். ஆயினும் கண்டனம் எழுந்தது, காரணம் உண்டு. பார்த்தோர் அதனைக் கனவென்று அறிய ஒரு குறியும் இல்லை. உலகை உள்ளவாறு காட்டும் இதழ் என்னும் நம்பிக்கையோடு பார்த்தனர். 1893-இல் பிரெஞ்சு உயிரியலாளர் லூயி பூத்தான், செத் துறைமுகம் உள்ள அதே மத்தியதரைக் கடற்கரையின் பன்யூல்ஸ் ஊரில் கடலுள் மூழ்கிப் படமெடுத்தார். அப்படங்களின் மதிப்பு, கண்டதைக் கண்டவாறு சொன்னதில் இருக்கிறது. அந்த நம்பிக்கையை ஒருமுறை உடைத்தால் பூத்தானின் படமும் ஐயத்துக்கு உள்ளாகும்.

இவ்வினா இப்போது கூர்மை பெற்றிருக்கிறது. 2023-இல் போட்டோஷாப்பிலேயே, சொற்களைத் தட்டச்சு செய்தால் படத்தின் பகுதியைச் செயற்கை நுண்ணறிவு நிரப்பித் தரும் வசதி சேர்ந்தது. மீனுக்குத் தொட்டி வேண்டியதில்லை. பெண்ணுக்கு முக்காலி வேண்டியதில்லை. சேர்க்கையோடு உறுப்புகளும் புனைவாகலாம். இதே கருவி கடல் கொண்ட ஊரையும், நிகழாத வெள்ளத்தையும் காட்டவல்லது. அதைக் கண்டு அஞ்சி ஓடுவோர் 'போல' என்பதை விரித்துக்கொள்ள வழியில்லை.

அவ்வாண்டு ஏப்ரலில் ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன் சோனி உலக ஒளிப்பட விருதுப் போட்டியில் கிடைத்த பரிசை ஏற்க மறுத்தார். தம் படம் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஆனது என்றும், அத்தகைய படமும் ஒளிப்படமும் ஒரே போட்டியில் நிற்கலாகாது என்றும் கூறினார். படத்தில் இல்லாத உருபை அவர் வாய்ச்சொல்லால் சேர்த்தார்.

கவிஞர் பெருமக்களே, இவ்விலக்கிய வட்டத்தின் இளையோர் பலர் எழுதுகோலோடு இக்கருவியையும் கையாள்கின்றனர். அவர்கள் நீரடிக் கனவுகளை அஞ்சாமல் படைக்கட்டும். நீரின் இயல்பைக் கற்றுப் படைக்கட்டும். காண்போர் கனவென உணரும் இடத்தில் உருபைத் தொக்கி நிறுத்தலாம். உணர வழியில்லாத இடத்தில் 'இது புனைபடம்' என்று ஒரு வரி எழுதிவிடவேண்டும். அவ்வரியால் கலை குறைவதில்லை. 'போல' என்று எழுதியதால் எந்தக் கவிஞரும் சிறுத்துப்போனதில்லை.